டாஸ் திரைக்கு வண்ணம் மாற்றுவது எப்படி? அப்பாவின் 486 கணினியை வைத்திருக்கும் தம்பிக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்தவர். அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தபோது பழைய 486 கணினியை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகள் ஸ்டோர் அறையில் கிடந்ததைத் துடைத்துப் போட்டதும் எம்எஸ்-டாஸ் 6.22 என்ற பழைய இயங்குதளம் உயிரோடு எழுந்துவிட்டது. அப்பா தம்முடைய பழைய கணக்குகளைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறார். ஆனால் கறுப்புத் திரையில் சாம்பல் எழுத்து அவருடைய கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டும் என்கிறார். விண்டோஸின் கட்டளைத் திரையில் செய்வதுபோல் 'கலர் 1இ' என்று தட்டினால், அப்படி ஒரு கட்டளையும் இல்லை, கோப்பும் இல்லை என்று பதில் வருகிறதாம்.

தம்பி, 'கலர்' கட்டளை விண்டோஸ் என்டி வழியில் வந்தது. எம்எஸ்-டாஸில் அது கிடையாது. ஆனால் நீங்கள் தட்டிய 1இ என்ற எண் சரியான எண்தான். 1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசியை வண்ண அட்டையோடு விற்ற நாளிலிருந்து அதே எண்தான் நீலத்தில் மஞ்சளைக் குறிக்கிறது. அதைக் கணினியிடம் சொல்லும் வழிதான் டாஸில் வேறு. அதே ஊர்ப் பக்கத்தில், ஒரு தோட்ட அலுவலகத்தில், நானும் தொண்ணூறுகளில் கிராணியாக இருந்தவன். இந்தத் திரையோடு பல ஆண்டுகள் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலித்துக் காட்டுகிறேன். விசைப்பலகையில் நீங்கள் ஆங்கில எழுத்தாகவே தட்டுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டாஸ் திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 2000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட். முதல் பைட்டில் எழுத்து, அடுத்த பைட்டில் அந்த எழுத்தின் வண்ணம். செக்ரோல் என்ற தோட்ட வருகைப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அன்றைய வருகைக்கு ஒரு கட்டம் இருக்குமே, அதேபோல். ஆக, டாஸில் திரைக்கென்று பொதுவாக ஒரு வண்ணம் கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் தன் வண்ணத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்கிறது. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வண்ண பைட்டில் எட்டு பிட்டுகள். கீழ் நான்கும் எழுத்தின் நிறம், அடுத்த மூன்றும் பின்னணி, உச்சியில் இருக்கும் ஒன்று எழுத்தை மினுக்கவிடும். எழுத்துக்கு நான்கு பிட் என்பதால் 16 நிறம். பின்னணிக்கு மூன்று என்பதால் 8 நிறம். வரிசை இது: 0 கறுப்பு, 1 நீலம், 2 பச்சை, 3 நீலப்பச்சை, 4 சிவப்பு, 5 கருஞ்சிவப்பு கலந்த ஊதா, 6 பழுப்பு, 7 வெளிர் சாம்பல். 8 முதல் 15 வரை அதே வரிசையின் பளிச்சென்ற வடிவம். பழுப்பு பளிச்சிட்டால் மஞ்சள், அதன் எண் 14. பின்னணி நீலம் 1. அதைப் பதினாறால் பெருக்கி 14-ஐக் கூட்டினால் 30. பதினாறின் அடிப்படையில் எழுதும்போது 14-ஐ இ என்று குறிப்பார்கள், ஆகவே அதுவே 1இ.

எதையும் மாற்றுவதற்கு முன் கணினியின் முதுகுப் பக்கம் போய்ப் பாருங்கள். திரையின் கம்பி சொருகும் இடத்தில் மூன்று வரிசையாக 15 துளைகள் இருந்தால் அது விஜிஏ, திரைக்குப் படம் அனுப்பும் அட்டைகளில் ஒரு வகை. நான் கீழே சொல்லும் எல்லாம் அதில் நடக்கும். 486 என்றால் பெரும்பாலும் அதுதான். இரண்டு வரிசையில் 9 துளைகள் இருந்தால் அதற்கும் முந்திய வகை. அது வண்ண அட்டையாக இருந்தால் வண்ண எண்ணை மாற்றலாம், ஆனால் நிறத்தையே கலந்து மாற்றும் வித்தை எல்லா அட்டையிலும் பலிக்காது. இன்னொன்று, வண்ணத்தோடு சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அந்தக் காலத்து மெயின்போர்டுகள் பலவற்றில் உருளை வடிவ பேட்டரி ஒன்று பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து பக்கத்துச் செப்புக் கோடுகளை அரிக்கும். நம் ஊர் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கணினிப் பெட்டியை மட்டும் திறங்கள். திரைப்பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். அணைத்துவிட்ட பிறகும் அதன் குழாயில் ஆளை வீழ்த்தும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இனி டாஸின் கட்டளை வரிக்கு வண்ணம். இதற்கு டாஸோடு வரும் ஆன்சி.சிஸ் என்ற கோப்பு போதும். வன்தட்டின் வேரில் இருக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பை 'எடிட்' கட்டளையால் திறந்து, இந்த வரியைச் சேருங்கள்:

டிவைஸ்=சி:\டாஸ்\ஆன்சி.சிஸ்

பிறகு ஆட்டோஎக்செக்.பேட் கோப்பில் இது:

பிராம்ப்ட் $இ[1;33;44எம்$பி$ஜி

இதன் கீழேயே எக்கோ ஆன் என்று ஒரு வரி, அதற்கும் கீழே திரையைத் துடைக்கும் கட்டளையான சிஎல்எஸ் என்று ஒரு வரி. கணினியை அணைத்துப் போட்டால் நீலத் திரையில் மஞ்சள் எழுத்து வந்து நிற்கும்.

அந்த வரியைப் பிரித்துச் சொல்கிறேன். டாலர் குறியோடு வரும் இ, எஸ்கேப் என்பதன் முதல் எழுத்து. அடுத்து வருவது திறந்த சதுர அடைப்பு. எம் என்பது மலேசியாவின் முதல் எழுத்து, ஆனால் சிறிய எழுத்தாகத்தான் தட்ட வேண்டும். பெரிய எழுத்தாகத் தட்டினால் வண்ணம் மாறாது. பேராக்கின் பி, நீங்கள் எந்த அடைவில் இருக்கிறீர்கள் என்று காட்டும். கோப்பெங்கின் ஜி, அந்த அம்புக்குறியைப் போடும். நடுவில் உள்ள எண்களில் 1 என்றால் பளிச்சென்று, 33 எழுத்தின் நிறம், 44 பின்னணியின் நிறம். எழுத்துக்கு 30 முதல் 37 வரை, பின்னணிக்கு 40 முதல் 47 வரை. 0 போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நானும் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். நான் மேலே சொன்ன ஐபிஎம் வரிசையில் 1 நீலம், 4 சிவப்பு. ஆன்சி வரிசையிலோ 1 சிவப்பு, 4 நீலம். 3-உம் 6-உம் அதேபோல் இடம் மாறியிருக்கும். ஐபிஎம்முக்கு 6 பழுப்பு, ஆன்சிக்கு 3. ஆகவே 33 என்று மட்டும் போட்டால் மஞ்சள் வராது, சேறு படிந்தது போன்ற பழுப்புதான் வரும். முன்னால் 1 சேர்த்தால்தான் அது மஞ்சள்.

கட்டளை வரி மட்டும் மஞ்சளாக இருந்து, நீங்கள் தட்டுவதும் கணினி பதிலாகக் காட்டுவதும் சாம்பலாக இருக்க வேண்டும் என்றால், ஜி-க்குப் பின்னால் $இ[0;37;44எம் என்று சேர்த்துவிடுங்கள். நீண்ட கோப்புப் பட்டியலைப் படிக்கும்போது கண்ணுக்கு இது எவ்வளவு இதம் என்பது பழகினால் தெரியும்.

ஒரு மென்பொருளைத் திறந்து மூடிவிட்டு வெளியே வந்தால் திரையில் பாதி கறுப்பும் பாதி நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். அந்த மென்பொருள் போகும்போது எல்லாக் கட்டங்களிலும் கறுப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. புதிதாக எழுதப்படும் எழுத்துகள் மட்டும் நீலத்தில் வருகின்றன. சிஎல்எஸ் என்று ஒரு முறை தட்டினால் திரை முழுவதும் நீலமாகிவிடும்.

சரி, அப்பா பார்க்க விரும்புவது டாஸின் கட்டளை வரியை அல்லவே, கணக்குகளை. அங்கே ஆன்சி.சிஸ் உதவாது. வேகத்துக்காக அந்தக் காலத்து மென்பொருள்கள் டாஸைக் கேட்காமல் திரையின் நினைவகத்தில் நேராகவே எழுதும். எழுத்தையும் அவையே வைக்கும், வண்ணத்தையும் அவையே வைக்கும். ஆகவே ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். கடிதம் தட்டச்சு செய்யும் வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 இருந்தால் ஷிஃப்ட் விசையோடு எஃப்1 அழுத்தி, 'டிஸ்ப்ளே' பிரிவுக்குள் போனால் வண்ணங்களுக்கான இடம் இருக்கும். தகவல் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் டிபேஸ் 3 பிளஸ் என்றால், கட்டளை தட்டுவதற்காக ஒரு புள்ளி தெரியும் அதன் வரியில்

செட் கலர் டு ஜிஆர்+/பி

என்று தட்டுங்கள். ஜிஆர் பழுப்பு, கூட்டல் குறி அதை மஞ்சளாக்கும், சாய்கோட்டுக்குப் பின் வரும் பி பீடோரின் பி, அது நீலப் பின்னணி.

தோட்டச் சம்பளக் கணக்குக்கென்று யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருளாக இருந்தால்? அதில் வண்ணம் மாற்ற வழியே வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். அதை எழுதியவர் சம்பளத் தொகையைப் பளிச்சென்ற வெள்ளையில் வைத்திருந்தார். ஏற்கெனவே பிடித்துவிட்ட முன்பணத்தை, வேலை முடிந்த விஷயம்தானே என்று எண்ணினாரோ என்னவோ, கறுப்பில் நீலமாக வைத்துவிட்டார். எண் 1, அந்தக் கருநீலம். எங்கள் மேசையோ மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே. பிற்பகலில் வெயில் கண்ணாடிக் குழாயில் விழுந்தால் அந்த வரி இருந்த இடமே தெரியாது.

ஒரு சம்பள நாளுக்கு முந்திய மாலையில், மரம் சீவும் ஓர் அம்மாவின் தீபாவளி முன்பணத்தை நான் இரண்டாம் முறையாகப் பிடித்துவிட்டேன். மறுநாள் அவர் பட்டுவாடா ஜன்னல் முன்னால் நின்று பணத்தை எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு எதுவும் பேசாமல் சம்பளச் சீட்டை மட்டும் என் பக்கம் தள்ளினார். நான் திரைக்கு முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் குழாயின் ஓரத்தில் கூடாரம்போல் வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தேன். இருந்தது. முந்திய மாதமே பிடித்தாயிற்று என்று அந்தக் கருநீல வரி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்தச் சீட்டு என் பக்கம் நகர்ந்து வந்த விதம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. திரையின் வண்ணம் என்பது அழகு சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாததற்கு அதுதான் காரணம்.

மென்பொருளைத் தொடாமல் அதை எப்படித் தீர்த்தேன் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். மென்பொருள் வைப்பது 1 என்ற எண்ணை மட்டும்தான். 1 என்றால் எந்த நீலம் என்பதை முடிவு செய்வது விஜிஏ அட்டை. 1987-இல் வந்த விஜிஏவின் பெரிய கொடை இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 63 வரை அளவு கொடுத்து நாமே நிறம் கலக்கலாம். மொத்தம் 2,62,144 நிறங்கள் கிடைக்கும். பிறவி நிலையில் 1-ஆம் எண்ணின் கலவை சிவப்பு 0, பச்சை 0, நீலம் 42. நம் கண்ணுக்குத் தனி நீலம் எப்போதுமே மங்கல்தான். வெளிச்சமாகத் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பச்சை சேர வேண்டும்.

டாஸோடு வரும் டீபக் கருவியைத் திறந்து, சிறு கோடு தெரிந்ததும் இந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

ஓ 3சி8 1
ஓ 3சி9 10
ஓ 3சி9 20
ஓ 3சி9 38
கியூ

ஓ என்பது 'அவுட்புட்' என்பதன் முதல் எழுத்து, பூஜ்யம் அல்ல. முதல் வரி எந்த எண்ணின் நிறத்தை மாற்றப் போகிறோம் என்று சொல்கிறது. அடுத்த மூன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் அளவுகள். டீபக் எல்லா எண்களையும் பதினாறின் அடிப்படையில் எடுத்துக்கொள்ளும் என்பதால் 10, 20, 38 என்று தட்டுவது நம் கணக்கில் 16, 32, 56. கடைசி அளவைத் தட்டி என்டரை அழுத்திய கணமே திரையில் 1-ஆம் எண்ணில் இருக்கும் எல்லா நீலமும் தெளிந்து வான நிறமாகிவிடும். நான் முதன்முதலில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

இதே ஐந்து வரிகளையும் நீலம் என்ற பெயரில் ஒரு கோப்பாகச் சேமித்து, டீபக் கட்டளைக்குப் பின் சிறியது குறி போட்டு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அடுத்த முறை தட்ட வேண்டியதில்லை. கோப்பின் கடைசி வரியான கியூவுக்குப் பின் என்டர் கட்டாயம் இருக்க வேண்டும். மறந்தால் கணினி அப்படியே உறைந்து நிற்கும்.

எச்சரிக்கை இரண்டு. 0 முதல் 5 வரையும் 7-உம் சொன்ன எண்ணிலேயே மாறும். பழுப்புக்கு மட்டும் அட்டையின் உள் எண் 20, பளிச்சென்ற எட்டு நிறங்களுக்கு 56 முதல் 63 வரை. ஆக, மஞ்சளை மாற்ற 14-ஐத் தொட்டால் எதுவும் நடக்காது. 62-ஐத் தொட வேண்டும், டீபக்கில் அது 3இ. அடுத்தது, சில மென்பொருள்கள் திறக்கும்போதே திரையின் முறையைப் புதிதாக அமைக்கும். அப்போது நாம் கலந்த நிறமெல்லாம் பிறவி நிலைக்குப் போய்விடும். எங்கள் சம்பள மென்பொருள் நல்ல வேளையாக அப்படிச் செய்யவில்லை.

இப்போது அப்பாவின் கண்ணுக்கு வருகிறேன். நீலத்தில் மஞ்சள் நல்ல தேர்வுதான், ஆனால் திரை முழுவதும் மஞ்சளாக வேண்டாம் என்பது என் கருத்து. தலைப்புக்கும் தொகைக்கும் மஞ்சள், மற்றதற்குப் பளிச்சென்ற வெள்ளை. பின்னணி நீலத்தைப் பிறவி நிலையைவிடக் கருமையாக்குங்கள். மேலே சொன்ன முறையில் 10, 20, 38-க்குப் பதில் 0, 0, 14 என்று கொடுத்தால் இரவு வானம்போல் ஒரு நீலம் வரும். வயதான கண்ணுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்தான் முக்கியம், நிறம் அதற்கப்புறம்தான். நீலத்தில் சிவப்பு எழுத்தை மட்டும் யாருக்கும் வைக்காதீர்கள். இரண்டு நிறங்களும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை, எழுத்து மிதப்பதுபோல் தெரியும், சிறிது நேரத்தில் தலை வலிக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து காகிதம்போல் இருக்குமே என்று தோன்றலாம். பழைய குழாய்த் திரையில் பின்னணி எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு நடுக்கம் தெரியும். அதனால்தான் நாங்கள் எல்லாம் இருண்ட பின்னணிக்கே பழகினோம்.

ஒரு சிக்கல் உங்களுக்கே தெரிந்திருக்கும். கட்டளை வரிக்கு 1-ஆம் எண் கருமையாக வேண்டும், ஏனென்றால் அது அங்கே பின்னணி. அப்பாவின் மென்பொருளும் எங்களுடையதைப்போல் 1-ஐ எழுத்துக்கு வைத்திருந்தால் அங்கே அதே எண் வெளிச்சமாக வேண்டும். எண் ஒன்று, நிறமும் ஒன்றுதான். அதற்கு ஒரு சிறு பேட் கோப்பு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் வெளிச்ச நீலத்தின் கோப்பை டீபக்குக்குக் கொடுங்கள், இரண்டாவதில் மென்பொருளைத் திறங்கள், மூன்றாவதில் கருநீலத்தின் கோப்பு, நான்காவதில் சிஎல்எஸ். அப்பா ஒரே ஒரு சொல்லைத் தட்டினால் போதும், நிறங்கள் தாமாகவே மாறித் திரும்பும்.

அப்பா தமிழில் தட்டச்சு செய்த கோப்புகளும் இருக்கலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விஜிஏ ஒரே நேரத்தில் 256 எழுத்து வடிவங்களைத்தான் வழக்கமாக வைத்திருக்கும். ஆங்கிலத்தை அப்படியே வைத்துக்கொண்டு தமிழுக்கு இன்னொரு 256 வேண்டும் என்றால் 512 ஆக்கலாம், ஆனால் எந்தத் தொகுதி எழுத்து என்று சொல்ல வண்ண பைட்டில் ஒரு பிட்டை எடுத்துக்கொள்ளும். எடுப்பது பளிச்சென்ற நிறத்துக்கான அதே பிட்டை. ஆகவே அத்தகைய திரையில் தமிழ் எழுத்துகள் மட்டும் வேறு நிறத்தில் பளிச்சிட்டால் அது பழுது அல்ல, அந்தப் பங்கீட்டின் விளைவு.

எதைத் தொடுவதற்கும் முன்னால் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் இரண்டையும் வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள். ஏதாவது தவறிக் கணினி எழும்பாமல் போனால், 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்' என்ற வரி தெரியும்போது எஃப்5 அழுத்தினால் இரண்டையும் தாண்டிக்கொண்டு வந்துவிடும்.

நகல் எடுக்கும்போது அந்த ஆட்டோஎக்செக்.பேட்டை ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். அதில் பிராம்ப்ட் என்று தொடங்கும் வரி ஏற்கெனவே இருந்து, அதற்குள் சதுர அடைப்பும் எண்களும் இருந்தால் அதை அழிக்காதீர்கள். அது உங்கள் அப்பா அந்த நாளில் தம் கண்ணுக்கென்று வைத்துக்கொண்ட வண்ணம். ஆன்சி.சிஸ் வரி மட்டும் எப்போதோ கான்ஃபிக்.சிஸிலிருந்து விடுபட்டிருக்கும். இன்று கட்டளை வரியின் முன்னால் அம்புக்குறியும் அடைப்பும் எண்களும் கலந்து குப்பையாகத் தெரிந்தால் அதற்கும் காரணம் அதுதான். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, கணினியை மறுபடி போட்டு, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.